புது வெர்ஷன் எப்படி ஓடுது?

நானும் ரெண்டு ஃபிரண்ட்ஸும் சேர்ந்து ஒரு ப்ரோக்ராமிங் மொழியை ஓப்பன் சோர்ஸா நடத்தறோம். எழுதின ப்ரோக்ராமை ஓட வைக்கிற கம்பைலர் பிரபுவோடது, அதுக்கு வேண்டிய ரெடிமேட் கோடு இருக்கற லைப்ரரி என்னோடது, ரெண்டையும் உள்ள போட்டு ஜனங்களோட கம்ப்யூட்டர்ல ஏத்தற இன்ஸ்டாலர் டேவிட்டோடது. ஒண்ணு ஓடணும்னா மத்த ரெண்டும் ஒத்துப்போகணும்.

ஒத்துப்போறதாவது.

இன்னிக்கு கேளம்பாக்கம் டீக்கடையில பிரபு மாட்டினான். ரொம்ப நாளா சாட்ல மட்டும் சண்டை போட்டுகினு இருந்தோம். இன்னிக்கு நேர்லயே.

"இன்னா மச்சான், புது கம்பைலர் வுட்டு எவ்ளோ நாளாவுது? உன் லைப்ரரி இன்னும் அதுல ஓட மாட்டேங்குது."

"எங்களைக் கேக்காம எல்லாத்தையும் மாத்தினவன் நீ. டேவிட் மொதல்ல இன்ஸ்டாலரை மாத்தட்டும், அப்புறம் நான் மாத்தறேன்."

அங்கேயே டேவிட்டுக்கு போன் போட்டோம்.

"லைப்ரரியே வராம நான் இன்னாத்துக்குடா மாத்தணும்? உள்ள போட்டு அனுப்ப இன்னா கீது?" சொல்லிட்டு வெச்சிட்டான்.

மூணு பேர் சொல்றதும் நியாயம்தான். அதான் பேஜாரு.

புது வெர்ஷன் எவ்ளோ வேகம்னு எனக்குக் காட்டியே தீரணும்னு பிரபு லேப்டாப்பைத் திறந்தான். ஆபீஸுக்கு எழுதிகினு இருந்த ப்ரோக்ராமை ஓட்டினான். மொத வரியிலேயே கம்பைலர் வெர்ஷன் வந்துச்சு.

பழசு.

"இன்னாடா இது?"

டீ கிளாஸைப் பாத்துகினே சொன்னான்: "உன் லைப்ரரி இல்லாம என் வேலை ஓடாது மச்சான்."

டீக்குக் காசு குடுத்தோம். ஆளுக்கொரு ஷேர் ஆட்டோ புடிச்சிட்டோம்.

இதைப் படிக்கிறவங்கள்ல யாராச்சும் அந்தப் புது வெர்ஷனை ஓட்டறீங்களா? இருந்தா கமென்ட்ல சொல்லுங்க. எப்படி ஓடுதுன்னு அந்த கம்பைலரை எழுதினவனுக்கே தெரியணுமாம்.