தேர்வறைக் கதவோரப் பிள்ளையார் சுழி

சிங்கப்பூரில் எங்கள் கல்லூரித் தேர்வறையின் கதவோரச் சுவரில், கைப்பிடி உயரத்துக்குச் சற்று மேலே, பென்சிலால் ஒரு குறி. பாதுகாப்பு அதிகாரி அதைப் படமெடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, பாருங்க. நம்பர் டூ, கீழ ரெண்டு கோடு. கேங் சைன் லா."

அவரும் தமிழர்தான்.

"தம்பி, இது பிள்ளையார் சுழி. 'உ'னா. நீங்க ஸ்கூல்ல தமிழ் படிச்சீங்களா, இல்லையா?"

"பாஸ் பண்ணேன் லா. இதெல்லாம் சிலபஸ்ல இல்ல."

லிட்டில் இந்தியாவில் அவர் மளிகை வாங்கும் கடையின் பில்லிலேயே இது இருக்கிறது என்றேன். அவர் பில்லைப் பார்ப்பதில்லையாம்.

சுவரில் எதைக் கிறுக்கினாலும் முதல்வருக்கு அறிக்கை போக வேண்டும். போலீசுக்குச் சொல்வதா என்பதை அவர் முடிவு செய்வார். 'குறியின் பொருள்' என்ற பகுதி என் தலையில் விழுந்தது. 'எதையும் எழுதத் தொடங்கும்போது தமிழ் இந்துக்கள் போடும் மங்கலக் குறி' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதில் ஒரு பிழையும் இல்லை. முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

"தொடக்கமா? எதன் தொடக்கம்? இன்னும் வருமா?"

வந்தது. அடுத்த தேர்வன்று இரண்டாவது, அதற்கடுத்த தேர்வன்று மூன்றாவது. முதல்வர் போலீஸைக் கூப்பிடுவது பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார். கிறுக்கியது தமிழ் மாணவர் என்று தேடலைச் சுருக்கிக் கொடுத்ததும் என் விளக்கம்தான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

அடுத்த தேர்வன்று அதிகாரியுடன் கதவருகே நின்றேன். இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்தாள், பென்சிலை எடுத்தாள்.

"என்னம்மா பண்றே?"

"ஐயோ, சாரி அங்கிள்! முன்னாடியெல்லாம் ஆன்சர் பேப்பர்ல மேல போடுவேன். இப்ப எக்ஸாம் எல்லாமே லேப்டாப்ல. நான் எங்க போடுறது?"

"இதுக்குப் போலீஸ் வரைக்கும் பேசிட்டாங்க, தெரியுமா?"

"இதுக்கா?" என்றவள் பென்சிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "வீட்ல சொல்லிடாதீங்க அங்கிள்."

அழிரப்பரைக் கொடுத்தேன். மூன்றையும் அவளே அழித்தாள். சுவரில் தடம்கூட இல்லை. அதிகாரி விரலால் தேய்த்துப் பார்த்து, "ஓகே லா, உள்ள போ" என்றார்.

நடந்ததை எழுதி அனுப்பினேன். போலீஸ் வேண்டாம் என்று முதல்வரிடமிருந்து பதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் 'காரணம்' என்ற பகுதி காலியாக இருக்கிறதாம். மறுபடியும் சுழியின் கதையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. 'லேப்டாப்பில் இடமில்லை' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதினேன்.

அன்று மாலையே கணினிப் பிரிவிலிருந்து போன் வந்தது. அந்த மாணவிக்கு இன்னும் எத்தனை ஜிபி தேவைப்படும் என்று கேட்டார்கள்.