சீன ரீச்சர் சாப்பிட வந்த நாள்

எங்களை யாராவது திரும்பிப் பார்க்கமாட்டார்களா என்று கிடந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பெரிய பெரிய நாடுகள் எங்களைப் பார்த்துச் சிரிக்கின்றன. எந்தக் கிழமையைப் பார்த்தாலும் யாழ்ப்பாணத்தில் ஏதாவதொரு நாட்டுக்காரர் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். தூதரக அதிகாரிகள் வேட்டி கட்டி, மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, வெயிலே படாத தோள்களோடு நல்லூர் வீதியில் கும்பிட்டபடி நடக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் படம் வருகிறது.

என் மகள் இந்த அன்பில் எதையும் விட்டுவைக்கவில்லை. சின்ன வயதில் இந்தியா நடத்திய இலவச வகுப்பில் வயலின் பழகினாள். பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனையான ஏ.எல். முடிந்த கையோடு, நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் சீனா நடத்திய மொழி வகுப்பில் சேர்ந்தாள். நான் மறிக்கவில்லை. வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். எந்த நாடு என்பதைவிட எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணைக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். காலையில் மூன்று பேப்பர் வாசித்துவிட்டு வேலியடிக்கு வருவார்.

"தங்கச்சி, பிள்ளை சீனம் படிக்கிறாளாம். உது சும்மா படிப்பில்லை, பூகோள அரசியல்."

"அவள் இப்பதான் ஒண்டு ரெண்டு எண்ணப் பழகுறாள் அண்ணை."

"உப்பிடித்தான் துவங்கும். டில்லிக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பினம்?"

"டில்லிக்கு வேறை வேலை இல்லையோ?"

"உனக்கு விளங்காது. வயலினைத் தந்தவங்கள் திருப்பிக் கேட்டால் என்ன செய்வாய்?"

நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். ஆனால் ஆவணி மாதத்தில் ஒருநாள் மகள் வந்து, ஒரு வருடம் சீனாவில் தங்கிப் படிக்கத் தன்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏலாது" என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த நாட்களில் என் தம்பி சாவகச்சேரிச் சந்தைக்குச் சைக்கிளில் போனான். திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு நான் படித்தேன், ஆசிரியையானேன், கலியாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். ஆனாலும் வீட்டை விட்டு யார் போனாலும் அவர்கள் திரும்பி வரும்வரை என் உடம்பு ஓரிடத்தில் இருக்காது. மகள் வகுப்பால் வரும்வரை வாசல் கேற்றடியில் நிற்பேன். பூமரத்துக்குத் தண்ணீர் விடுவதுபோலப் பாசாங்கு செய்வேன். அவளுக்கும் அது பாசாங்கு என்று தெரியும். சந்தியில் திரும்பும்போதே மணி அடித்துவிடுவாள்.

இரண்டு நாள் கழித்து அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, எங்கடை ரீச்சர் உங்களோடை ஒருக்காக் கதைக்க வேணுமாம். வீட்டுக்கு வரட்டோ எண்டு கேட்டவ. நீங்கள் ஓம் எண்டால்தான் மேற்கொண்டு ஏதும் செய்வாவாம்."

வீட்டுக்கு வருகிறேன் என்பவரை வரவேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. "ஞாயிறு மத்தியானம் சாப்பிட வரச் சொல்லு" என்றேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறி விட்டது. கொடியேறினால் எங்கள் பகுதியில் வீட்டுக்குள் மச்சம் கிடையாது. மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டைகூட இல்லை. சட்டிபானை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

ஒரு சீனப்பிள்ளை எப்படி இறைச்சி இல்லாமல் சாப்பிடும்? இந்த ஒரு கேள்வியோடு நான் மூன்று நாள் அல்லாடினேன். மறுப்புச் சொல்லத்தான் அவளை வரச் சொல்கிறேன். மறுப்புச் சொல்கிற வீட்டில் வயிறும் நிறையாமல் போனாள் என்று வரக்கூடாது.

வழி கண்டுபிடித்தது என் கணவர்தான். உரும்பிராயில் இருக்கிற தன் தங்கச்சியிடம் கோழிக்கறி காய்ச்சச் சொல்லி, சாப்பாட்டுக் கரியரில் கொண்டுவருவதாகச் சொன்னார். அங்கே திருவிழா விரதம் அவ்வளவு கடுமை இல்லை.

"கொண்டுவந்து எங்கை வைக்கிறது?" என்றேன். "வீட்டுக்குள்ளை எடுக்கேலாது."

"அப்ப கேற்றிலை கட்டித் தூக்குவமோ?"

"பகிடி விடாதேங்கோ."

கடைசியில் மாமரத்துக்குக் கீழே மேசை போடுவது என்று முடிவாயிற்று. கலியாணத்துக்கு வந்த மேசைவிரிப்பை எடுத்து விரித்தேன். பூப்போட்ட பீங்கான் சாப்பாட்டுக் கோப்பை வைத்தேன். வயர் இழுத்து மேசைவிசிறிகூட வைத்தோம். அவளை மரத்தடியில் கோழிக்கறியோடு இருத்துவது, நாங்கள் உள்ளே இலை போட்டுச் சாப்பிடுவது. விரதமும் கெடாது, விருந்தும் குறையாது. எனக்கு உண்மையில் பெருமையாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் வேலிக்கு மேலால் அண்ணையின் தலை தெரிந்தது. மேசையைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார்.

"சீனத்துக்கு வளவுக்கை தானோ இடம், தங்கச்சி? டில்லிக்கு நல்ல சந்தோசம்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சந்தியில் மணிச்சத்தம் கேட்டது. மகளும் ரீச்சரும் இரண்டு சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ரீச்சருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். ஒல்லியான பிள்ளை. வெயிலில் முகம் சிவந்து, நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்திருந்தது.

"வணக்கம் அம்மா. தங்கள் இல்லத்திற்கு வந்ததில் பெரும் மகிழ்ச்சி" என்றாள். தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவளாம். செய்தி வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"இஞ்சை இருங்கோ பிள்ளை" என்று மேசையைக் காட்டினேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொன்னாள்.

"அம்மா, என்ன செய்யிறியள்? வெளியிலை இருத்தியே சாப்பாடு குடுக்கிறது?"

அந்த நிமிடம்தான் என் கண்ணுக்கு அந்த மேசை சரியாகத் தெரிந்தது. வீட்டுக்கு வெளியே வளவில் ஓர் இருக்கை, தனிக் கோப்பை, வீட்டுக்காரர் உள்ளே. சாதி பார்த்து, இன்னாரை வாசல்படி ஏறவிடுவதில்லை என்று இருந்த காலத்தில் எங்கள் ஊர் செய்த அதே வேலை. மேசைவிரிப்பும் விசிறியும் அதை மாற்றிவிடவில்லை.

ரீச்சர் கதிரையில் இருந்தாள். கரியரைத் திறந்து பார்த்தாள். கோழிக்கறி வாசம் வந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, கொடியேறிய நாளிலிருந்து நானும் மச்சம் உண்பதில்லை. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் அனைவரும் விரதம்." கொஞ்சம் தயங்கினாள். "நான் உள்ளே வரலாமா?"

அவளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. இலை போட்டேன். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, சொதி. கோழிக்கறியை இவர் வந்த வழியே உரும்பிராய்க்குக் கொண்டுபோனார். "தங்கச்சி வீட்டிலை இண்டைக்கு எனக்கு விருந்து" என்று சிரித்துக்கொண்டே போனார்.

எனக்குத் தெரியாமலில்லை. அவளை ஓர் அரசாங்கம் அனுப்பியிருக்கிறது. அவளின் தமிழ், அந்தத் திருநீறு, இந்தச் சாப்பாடு, எல்லாவற்றிலும் யாரோ எங்கேயோ ஒரு கணக்குப் பார்த்திருப்பார்கள். பேப்பர் வாசிக்கிற எவருக்கும் அது தெரியும். ஆனால் அவள் சொதியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கியது எந்த அரசாங்கத்துக்காகவும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பசி.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவளின் போன் அடித்தது. "மன்னிக்கவேண்டும், அம்மா அழைக்கிறார். நாள்தோறும் இந்த நேரம் அழைப்பார். எடுக்காவிட்டால் அழுவார்" என்றாள். திரையில் என் வயதுள்ள ஒரு பெண். கட்டை மயிர், கண்ணாடி. முதலில் இலையைக் காட்டச் சொன்னார் என்று நினைக்கிறேன், ரீச்சர் போனைக் கவிழ்த்து ஒவ்வொரு கறியாகக் காட்டினாள். பிறகு என் பக்கம் திருப்பினாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தோம். அந்த அம்மா ஏதோ கேட்டார்.

"நீ சொல்" என்று ரீச்சர் என் மகளைப் பார்த்தாள்.

மகள் மொழிபெயர்த்தாள். "அம்மா, அவ கேக்கிறா, உங்கடை ஊரிலை இன்னும் சண்டை நடக்குதோ எண்டு. சண்டை இல்லையெண்டு மகள் சொல்லுறதை அவவாலை நம்ப ஏலாமல் கிடக்காம்."

நான் அந்த முகத்தைப் பார்த்தேன். அவருடைய வீட்டுக்குக் கேற் இருக்கிறதோ தெரியாது. ஆனால் அவரும் எங்கேயோ நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

"இல்லையெண்டு சொல்லு" என்றேன். "அது முடிஞ்சு கனகாலம். பிள்ளை பத்திரமாயிருக்கிறா, இஞ்சை என்ரை வீட்டிலை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறா எண்டு சொல்லு."

மகள் சொன்னாள். அவளின் வாயிலிருந்து அந்தப் பாஷை வருவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த அம்மாவுக்கு அது விளங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். முடிஞ்சு கனகாலம் என்று சொன்ன என் வார்த்தை எனக்கே திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னொண்டும் கேள்" என்றேன்.

"என்னம்மா?"

"அங்கை குளிர்காலத்திலை பிள்ளையளுக்கு என்ன மாதிரி உடுப்பு வேணும் எண்டு கேள். இஞ்சையிருந்து கொண்டுபோறதோ, அங்கை வாங்கிறதோ?"

மகள் மொழிபெயர்க்கவில்லை. கையில் பிடித்த சோற்றோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேளன் பிள்ளை" என்றேன். "அவ காத்துக்கொண்டு நிக்கிறா."