கோதண்டராமன் ஒப்புக்கொண்ட உயரம்

அடி அண்ணாமலையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடுகிற குடும்பம் கோதண்டராமனுடையது. நிலத்தில் அண்ணன்மாரே ஜாஸ்தியாக இருந்ததால், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு 1974இல் திருவண்ணாமலையில் சின்னசாமியின் லாரி பார்சல் ஷெட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

சோப்புப் பெட்டி, பிஸ்கட் டின், மருந்து அட்டைப்பெட்டி, டியூப்லைட் கட்டு என்று ஷெட்டுக்கு வரும் சாமான்களில் ஒன்றின் அளவு மற்றதற்கு இருக்காது. எல்லாவற்றையும் அடியில் கட்டை அடித்த பலகை ஒன்றின் மேல் அடுக்கிக் கட்டுவார்கள். ஷெட்டில் அதற்குத் தட்டு என்று பெயர். ஒரு தட்டுக்கு லாரியில் எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே போனில் சொல்வது கோதண்டராமனின் வேலை.

முதல் தடவை அவர் பலகையை மட்டும் அளந்து சொல்லிவிட்டார். மேலே இருந்த டியூப்லைட் கட்டு ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லாரிக் கதவு சாத்த வரவில்லை.

"பலகை மட்டுமாப்பா ஊருக்குப் போவுது? அதுமேல குந்தினு இருக்கிறதெல்லாம் இங்கயே எறங்கிக்குமா?" என்றார் சின்னசாமி.

சுமை ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். கோதண்டராமனுக்குக் காது சிவந்துபோயிற்று. அதன்பிறகு அவர் பலகையை நம்பவில்லை. ஒருபக்கம் அதிகமாக நீட்டுகிற பெட்டியின் முனையிலிருந்து மறுபக்கம் நீட்டுகிற முனை வரை நீளம். தரையிலிருந்து, பலகையின் கனத்தையும் சேர்த்து, உச்சியில் இருக்கிற பெட்டியின் தலை வரை உயரம். மேலே ஒரே ஒரு சின்னப் பெட்டி தனியாக உட்கார்ந்திருந்தாலும் மொத்தத் தட்டுக்கும் அதுதான் உயரம். இதைப் புரிந்துகொண்டபின் பெட்டிகளைப் பார்த்ததுமே எந்த வரிசையில் எது போகும் என்று தரையில் சாக்பீஸால் போட்டுவிடுவார். அடுக்கி முடித்தால் விரற்கடை பிசகாது.

பெருமை கொஞ்சம் தலைக்கு ஏறியது. பெண் பார்க்கப் போன இடத்தில் சரோஜா காபி கொண்டுவந்து நின்றபோது, அவர் அங்கிருந்த பீரோவையும் வாசற்படியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சரோஜா அதைக் கல்யாணத்துக்கு அப்புறமும் விடவில்லை.

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அலுவலகங்கள் வேலூரிலிருந்து வரத் தொடங்கின. அதில் ஓர் அலுவலகத்தின் சாமான்களை ஏற்றிவரும் வேலை சின்னசாமிக்குக் கிடைத்தது. அதற்குப் பிடித்திருந்த வாடகைக் கட்டிடத்தின் வாசலில் வேடியப்பன் என்ற பந்தல்காரர் மூங்கிலில் வரவேற்பு வளைவு கட்டியிருந்தார். அந்த அலுவலகத்து அதிகாரியின் பெயர் அதில் பெரிய எழுத்தில் தொங்கியது. கோதண்டராமன் வளைவின் உயரத்தை நேரில் அளந்துகொண்டு வேலூர் போனார். கோப்பு மூட்டைகள், டிரங்குப் பெட்டிகள், அலமாரிகள் எல்லாவற்றையும் எதுவும் துருத்தாமல், வளைவுக்கு ஒரு சாண் கம்மியாக அடுக்கினார்.

கயிறு கட்டி முடித்ததும் அதிகாரி வந்தார்.

"என் நாற்காலி எங்க?"

"உள்ள இருக்குதுங்க. ஜமக்காளம் சுத்தி வச்சிருக்கேன்."

"மூட்டையோட மூட்டையாவா? எடுத்து மேல கட்டுங்க."

"மேல வச்சா உயரம் ஜாஸ்தியாயிடுங்க. வளைவுல இடிக்கும்."

"இவ்வளவு பெரிய லாரி போவும், ஒரு நாற்காலி இடிக்குமா?" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறி முன்னால் போய்விட்டார்.

நாற்காலி உச்சியில் ஏறியது. வளைவுக்கு முன்னால் லாரியை நிறுத்தி அதை இறக்கிவிடலாம் என்று கோதண்டராமன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஆனால் தெரு திரும்பியதுமே மேளம் முழங்கியது. அதிகாரியே வாசலில் நின்று, வா வா என்று இரண்டு கையாலும் லாரியை அழைத்தார். கோதண்டராமன் நிறுத்தச் சொன்னது நாதஸ்வரத்தில் அமுங்கிப்போயிற்று. நாற்காலி வளைவில் மாட்டியது. மூங்கில் முறிந்து, பெயர் எழுதிய துணி கிழிந்து, நாற்காலியின் மேலேயே வந்து விழுந்தது.

மறுநாள் விசாரணை.

"வளைவு கம்மியா கட்டியிருக்கான். அவனுக்கு இனிமே எந்த வேலையும் குடுக்காதீங்க" என்றார் அதிகாரி.

வேடியப்பன் கைகட்டி நின்றார்.

"வளைவு சரியாத்தாங்க இருந்துச்சு" என்றார் கோதண்டராமன்.

"அப்ப உங்க கணக்கு தப்பா?"

கோதண்டராமன் நாற்காலியைப் பார்த்தார். அதில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். வேடியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. என் கணக்குதான் தப்பு."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "தப்ப ஒத்துக்கிறவங்க இந்தக் காலத்துல எங்க இருக்காங்க" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். அலுவலகத்தின் மிச்சச் சாமான்களைக் கொண்டுவரும் வேலையும் சின்னசாமிக்கே வந்தது.

வீட்டில் சரோஜா கேட்டாள். "நெஜமாவே தப்பா அளந்துட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு ஒத்துக்கினீங்க?"

"பந்தல்காரர் பாவம். தப்புனு யாராச்சும் ஒருத்தர் சொல்லணும் இல்ல?"

சொல்லிவிட்டாரே தவிர அன்றைக்குச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வேடியப்பன் மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, அதைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் கோதண்டராமன் வெகுகாலம் அதே ஷெட்டில்தான் இருந்தார். புதிதாக யார் வந்தாலும் சின்னசாமி அவரைக் காட்டி, "தப்பு பண்ணா இவர மாதிரி ஒத்துக்கணும்" என்பார். அவர் சரியாக அளந்த தட்டுகளைப் பற்றிப் பேச யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை.