காதால் வெட்டி ஒட்டிய நாடகம்

எனக்குப் பார்வை முழுதாகப் போனபோது வயது இருபத்தாறு. அதற்குப் பிறகு, சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு வரும் ஞாயிறு பத்திரிகையை என் மூத்த சகோதரி ராத்தாதான் எனக்கு வாசித்துக் காட்டுவா. கவலையான செய்திகளைச் சொல்லாமல் தாண்டிவிடுவா. சிறுகதையில் யாராவது உயிர் போய் மௌத்தாகிற இடம் வந்தால் முடிவையே மாற்றிவிடுவா. குரல் தடுமாறுவதிலிருந்து எனக்கு விளங்கிவிடும். கேட்க மாட்டேன்.

கட்டாரிலிருந்து லீவில் வந்த என் மூத்த சகோதரர் காக்கா பழைய லெப்டொப் ஒன்றை என் மடியில் வைத்தார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதில் இருந்தது. அந்தக் குரலுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"பேய் கதைக்கிற மாதிரி இருக்குகா," என்றா ராத்தா.

முதல் நாள் அது வாசித்த கதையில் ஒரு தாய் மௌத்தானாள். அது தாண்டவில்லை. நான் அழுதேன். அழுதுகொண்டே அடுத்த கதையைத் திறந்தேன்.

விசைகள் விரலுக்குப் பழகியதும் ஒரு நாடகம் எழுதினேன். மருதமுனைத் தறிவீடு ஒன்றில் கல்யாணப் புடவைக்கு நிறம் தெரிவு செய்ய வந்த, மைத்துனிகளான இரண்டு மச்சிமார் சண்டை பிடிக்கிற கதை. நிறங்களையெல்லாம் ஞாபகத்திலிருந்துதான் எழுதினேன். ஓர் இணைய வானொலிக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஒருவர் அழைத்தார்.

"எழுத்து நல்லா இருக்கு. உங்களுக்கு ஒலிப்பதிவு கஷ்டம். கொழும்பில ஆக்களை வெச்சு நாங்க செய்யிறம்."

எங்கள் பேச்சு அவர்கள் வாயில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். "எங்கட ஊர் ஆக்கள்தான் கதைக்கணும். நானே செய்து தாறன்," என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஜன்னலில் போர்வை கட்டினோம். மூத்த மச்சியாக ராத்தா, இளையவளாகப் பக்கத்து வீட்டு டீச்சர். பகல் லுஹர் தொழுதுவிட்டுத் தொடங்கிப் பின்னேர அஸர் தொழுகை வரை ஃபோனில் பதிந்தோம். பிறகு கணினியில் வெட்டத் தொடங்கினேன். ஹோர்ன் சத்தம், கதிரை கிரீச்சிடுவது, டீச்சர் அடக்க முடியாமல் சிரித்தது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காதால் தேடி எடுத்தேன். இரண்டு சொல்லுக்கு நடுவே எவ்வளவு மௌனம் விடவேண்டும் என்பதைக் கண் உள்ளவர்கள் திரையில் அளந்து பார்ப்பார்களாம். நான் மூச்சை வைத்து அளந்தேன். பத்து நாள் எடுத்தது.

அதே மனிதர் திரும்ப அழைத்தார்.

"எந்த ஸ்டூடியோவில செய்தீங்க?"

"எங்கட அறையில."

"எடிட் செய்தது ஆரு?"

"நான்தான்."

"உங்களுக்குக் கஷ்டம் எண்டு நான் சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நாடகம் வானொலியில் போனது. வீடு நிறையப் பெண்கள். சண்டை முற்றுகிற இடத்தில் அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுற்றி எழும்பியது. கட்டாருக்குத் திரும்பியிருந்த காக்கா தன் அறைத் தோழர்களுடன் கேட்டுவிட்டுக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். அதில் பாதி, மூக்கு உறிஞ்சுகிற சத்தம்.

இப்போது அந்த வானொலியின் நாடகங்களை நான்தான் தொகுக்கிறேன். பக்கத்து ஊரான காரைதீவிலிருந்தும் பெண்கள் பதிந்து அனுப்புகிறார்கள்.

போன கிழமை ராத்தா கல்முனைப் புடவைக் கடையில் விலை கேட்டிருக்கிறா. கடைக்காரர் குரலைக் கேட்டு நிமிர்ந்து, "நீங்கதானே அந்த மூத்த மச்சி?" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை மூன்று தரம் சொன்னா. நான்காம் தரம் நான்தான் கேட்டு வாங்கினேன்.