தொப்பிக்குள் தூங்கிய பூனைக்குட்டி

பிள்ளைகளே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எப்போதும் குளிர்தான். அதனால் மகள் யாழினி வீட்டிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாதபோது நான் சந்தேகப்படவில்லை. ஒருநாள் தொப்பி நழுவியது. உச்சந்தலையில் காசு அளவுக்கு முடியே இல்லை!

"மொட்டைச்சின்னு கேலி பண்ணுவாங்கன்னு மறைச்சேன்ப்பா. எல்லாம் கொட்டிருமா?" என்றாள்.

புற்றுநோயோ என்று நினைத்தேன். புழுவெட்டாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு சின்ன வெங்காயம் தேய்த்தேன். வட்டம் இரண்டானது. பயந்துபோய் அவளைக் கூட்டிக்கொண்டு தானா ராத்தா நகர மருத்துவமனைக்கு ஓடினேன்.

டாக்டர் செதிலைச் சுரண்டி சோதனைக்கு அனுப்பிவிட்டு, "வீட்டுல பூனை இருக்கா?" என்றார்.

"குட்டிக்குக் குளிருமேன்னு என் தொப்பியிலதான் தூங்க வைப்பேன்," என்று யாழினி அழுதாள்.

பூனையிடமிருந்து தொற்றிய பூஞ்சைப் படை அது. அவளுக்கும் குட்டிக்கும் மருந்து கொடுத்தோம், முடி முளைத்துவிட்டது.

இப்போது ஞாயிறுதோறும் அவள் தலையை வெளிச்சத்தில் பார்க்கிறேன். நீங்களும் மறைக்காதீங்க லா. அப்பா பயந்தாலும் பரவாயில்லை, காட்டுங்க.