பெரியப்பாவின் கல்குலேற்றர்

என் வெள்ளவத்தைக் கடையில் ஒரு பழைய கல்குலேற்றரைத் திறந்து, பச்சை பூத்திருந்த பெற்றரி முனையில் வினாகிரி தடவினேன். அந்த வாசனையில் பெரியம்மா அச்சாறு போட்ட நாள் வந்து நின்றது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வந்த ஆட்களுக்குக் காட்டப் பெரியப்பா இதே கல்குலேற்றரை எடுத்தார். சிவப்பு எண்கள் எரியவில்லை. கடல்காற்றுப் படக்கூடாதென்று பொலித்தீனில் சுற்றி, பெற்றரியைக் கழற்றாமலே அலுமாரியில் பூட்டி வைத்திருந்தவர் அவர். சாவியும் அவரிடம்தான் இருந்தது. ஆனாலும் என் காதைத் திருகினார்.

"இவள் கை வச்சது ஒண்டும் உருப்படாது."

நான் அதைத் தொட்டதேயில்லை. அம்மா எனக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வினாகிரி நுரைத்துப் பச்சையைக் கரைத்தது. அரித்துப் போயிருந்த வயரை மாற்றினேன். புதுப் பெற்றரி போட்டதும் எண்கள் பளிச்சென்று எரிந்தன. ஆசை தீரப் பார்த்துவிட்டு, நான் போட்ட புது வயரையே வெட்டினேன்; எண்கள் அணைந்தன.

முன்பக்கத்தில் பெரியப்பா ஊன்றுகோலோடு காத்திருந்தார்.

"சரிவந்திட்டுதோ பிள்ளை?"

"இல்லைப் பெரியப்பா. நான் கை வச்சிட்டன் எல்லோ."