குடை பிடித்தது யார்?

யுத்த காலம். மகாவலி ஆற்றுப் பாலங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி முடித்த பாடசாலை ஆய்வோடு, கம்பளையிலிருந்து கண்டிக்கு அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்த சிப்பாய், நான் வரைந்திருந்த பாலத்தின் படங்களைக் கண்டதும் சந்தேகப்பட்டு எங்களை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சிப்பாய் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். நன்றியுரைக்கு வந்ததும் நிமிர்ந்து, அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார்:

"மகள் பாலத்தை வரையும்போது மழையில் குடை பிடித்தது நீங்களா?"

அம்மா தலையசைத்தார். சிப்பாய் பையைத் திருப்பித் தந்தார்.

அடுத்த பஸ்ஸில் ஏறியதும் அம்மா அழுதுவிட்டார். "என்னையப் பத்தி எழுதுனத அவரு சொல்லித்தானே புள்ள எனக்குத் தெரியுது!"

இப்போதெல்லாம் ஆங்கிலத்தில் நன்றி எழுதினால், உரியவரிடம் முதலில் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். அம்மாவுக்கு மட்டும் இரண்டு தடவை.